அமலோற்பவம் நினைவு உதவித்தொகை

சிப்பிவிளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த தனிஸ்லாஸ், மனைவி அமலோற்பவத்தைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று காலை, திசையன்விளை வண்டி கிளம்பப் போகிறது என்று சொல்வதற்காக மைக்கின் சுவிட்சைத் தட்டினார். அவர் வாயைத் திறக்கும் முன்னே மைக் பேசியது. "அக்கரையில இருந்த சனம் எங்க போச்சு?" என்று அது கேட்டது. குரல் அமலோற்பவத்தினுடையது. சளி பிடித்தாற்போல லேசாகக் கரகரத்து, கடைசிச் சொல்லில் மட்டும் சற்று மேலேறி நிற்கும் அதே குரல். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் கூம்பு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்கள். "மைனி குரலுல்லா இது" என்று ஒருவர் சொன்னார், "ஆமா, அவியதான்" என்று இன்னொருவர் சொன்னார், திசையன்விளை வண்டியின் டிரைவர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தார், தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார். வண்டி புறப்பட்டது.

அமலோற்பவம் ஒரு மாலைப் பத்திரிகையின் சிப்பிவிளை நிருபராக இருந்தவள். மொபெட்டில் ஊர் ஊராகப் போய் அவள் கொண்டுவந்த செய்தியை எல்லாம் பத்திரிகை ஆபீசில் நறுக்கி நறுக்கிச் சுண்டுவிரல் நீளத்துக்குப் போடுவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பள்ளிக்கூடச் சுவர் சரிந்தது, நாய்த் தொல்லை என்று அந்தச் சுண்டுவிரல் நீளத்துக்காகவே ஊரில் பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள், மீதிப் பேர் அவளிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். காயலுக்கு அக்கரையில், நண்டு பிடித்தும் உப்பளத்தில் கூலிக்குப் போயும் பிழைத்த சனம் குடிசை போட்டு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் காயல் பெருகியபோது அவர்களை லாரிகளில் ஏற்றினார்கள். தண்ணி வடிஞ்சதும் வந்துரலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். தண்ணீர் வடிந்தது. சனம் வரவில்லை. கம்பி வேலி வந்தது, வேலிக்குள்ளே இறால் குட்டைகள் வந்தன, குட்டைகளுக்குச் சொந்தமான கம்பெனி சிப்பிவிளைக்குத் தார் ரோடு போட்டுத் தந்தது, கோயிலுக்குக் கொடிமரமும் மாதா கோவிலுக்கு ஜெனரேட்டரும் பள்ளிவாசலுக்கு ஆழ்துளைக் கிணறும் தந்தது, வீட்டுக்கு ஒரு பெண்ணுக்கு இறால் உரிக்கிற வேலையும் தந்தது. எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட அந்த ஊரில், பேரூராட்சிக் குறைகேட்புக் கூட்டத்தில், அமலோற்பவம் எழுந்து மைக்கைப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அக்கரையில இருந்த சனம்" என்பது வரைக்கும்தான் வெளியே கேட்டது. தலைவர் தெய்வசிகாமணி கண்ணைக் காட்ட, மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் விடாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். மின்விசிறிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அதன்பிறகு கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை வந்து, பெரியாஸ்பத்திரியில் வைத்து இறந்துபோனாள்.

ஆகவே கேள்வி முழுசாகக் கேட்டது அவள் செத்த பிறகுதான். பஸ் ஸ்டாண்டில் மட்டுமில்லை, சிப்பிவிளை எல்லைக்குள் யார் எந்த மைக்கைப் போட்டாலும் முதலில் அவள் கேட்டாள், பிறகுதான் போட்டவர் பேச முடிந்தது. நூர் சவுண்ட் சர்வீஸ் காஜா மைதீன் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், வயரை மாற்றினார், திருநெல்வேலியிலிருந்து புது மைக் வாங்கிவந்து உறையைக் கிழித்துப் போட்டுப் பார்த்தார். புது மைக்கில் இன்னும் தெளிவாகக் கேட்டது. செல்போனில் பிடித்துப் பார்த்தால் மட்டும் அந்த இடம் வெறும் இரைச்சலாக இருந்தது. சரி, அது அப்படித்தான் என்று ஊர் முடிவு பண்ணியது.

முடிவு பண்ணிய பிறகு ஊர் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த விதம் இருக்கிறதே, அதைத்தான் தனிஸ்லாஸால் தாங்க முடியவில்லை. பங்குச் சாமியார் பூசைக்கு மைக்கைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பார், அவள் கேட்டு முடித்ததும் சனம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளும், பிறகு பூசை தொடங்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் நேரத்துக்குச் சற்று முன்னாலேயே மைக்கைப் போட்டு அவளை முடிக்கவிட்டுவிட்டு வருவார். அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வந்த வில்லுப்பாட்டுக்காரர், அவள் கேட்டவுடன் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா, எங்க போச்சு?" என்று எடுத்துக் கொடுக்க, அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டு சாமி கதைக்குள் போய்விட்டார், அது நன்றாக இருந்ததால் அடுத்த வருடம் மற்ற வில்லுக்காரர்களும் அப்படியே செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடவே சேர்ந்து சொன்னார்கள். மீன் ஏலக்காரர் அவள் கடைசிச் சொல்லின் மேலேயே முதல் விலையை ஏற்றினார். கல்யாண வீட்டில் கரண்ட் போய் அவள் குரல் கேட்காமல் தாலி கட்டிய ஒரு ஜோடி பிரிந்துவிட, அதன்பிறகு கேள்வி கேட்காமல் தாலி கட்டக் கூடாது என்று ஆயிற்று. மணவறையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான், "அக்கரையில இருந்த சனம் எங்க போச்சு?" என்று அமலோற்பவம் கேட்பாள், "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று பெரியவர்கள் கத்துவார்கள்.

"கேள்வி காதுல விழுந்துச்சா?" என்று தனிஸ்லாஸ் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பார்.

"விழுந்துச்சே அண்ணாச்சி. இன்னைக்குச் சளி கொஞ்சம் கொறஞ்சாப்ல இருக்கு."

"சளியக் கேக்கலவே. கேள்வியக் கேக்கேன்."

"நல்ல கேள்விதான் அண்ணாச்சி" என்று அவர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறுவார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வந்த பணத்தை வங்கியில் போட்டு அவர் உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தினார். அமலோற்பவம் நினைவு இதழியல் உதவித்தொகை. பத்திரிகைத் தொழில் படிக்கப் போகிற சிப்பிவிளைப் பிள்ளை ஒன்றுக்கு வருடா வருடம் கொடுப்பது. அதற்கு அந்தப் பிள்ளை ஒரே ஒரு பக்கம், கேள்விக்கு விடை எழுதித் தர வேண்டும். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது அந்தக் கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசிக்காதா என்பதுதான் அவர் கணக்கு. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு நடத்தக் கமிட்டி வேண்டும் என்றார்கள். கமிட்டி என்றால் தலைமையாசிரியரும் பங்குச் சாமியாரும் பேரூராட்சித் தலைவரும் என்றார்கள். அப்படியாகத் தெய்வசிகாமணியே கமிட்டிக்குள் வந்து உட்கார்ந்தார்.

முதல் வருடம் பரிசு வாங்கியவன், அக்கரைச் சனம் இறைவனின் நிழலுக்குப் போனது என்று எழுதினான். பிற்பாடு சென்னையில் நகைக்கடை விளம்பரம் எடுக்கப் போய்விட்டான். அடுத்த வருடத்துப் பெண், அவர்கள் நம் ஒவ்வொருவருடைய மனசாட்சிக்குள்ளும் போனார்கள் என்று எழுதி எல்லாரையும் அழவைத்தாள். படிப்பு முடிந்து இறால் கம்பெனியிலேயே பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு டியூஷன் வாத்தியார் ஒருவர் மாதிரி விடைகள் அச்சடித்து விற்க ஆரம்பித்தார். தனிஸ்லாஸ் அதில் ஒன்றை வாங்கிப் படித்துப் பார்த்து, டியூஷன் சென்டருக்கே போய், "இது மார்க்குக்குக் கேட்ட கேள்வியாவே? எம் பொண்டாட்டி கேட்ட கேள்விவே" என்று கத்தினார். வாத்தியார் அவரை உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, "அதனாலதான் அண்ணாச்சி பாயிண்ட் பாயிண்டா குடுத்திருக்கோம்" என்றார். கோபத்தை வாங்கிக்கொள்ள ஆளே இல்லாத ஊர் அது. எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் மெத்தையில் விழுந்ததுபோல விழுந்தது.

அப்படி இருக்கும்போதுதான் இசக்கியம்மாள் வந்தாள். கம்பெனியில் இறால் உரிக்கிற சுடலைவடிவின் மகள், பிளஸ் டூ முடித்தவள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "ஐயா, அந்தக் கேள்விக்கு விடை எழுதாம உட்டா சேத்துக்கிடுவியளா?" என்று கேட்டாள்.

"ஏன் எழுத மாட்டே?"

"தெரியலயே."

"தெரிஞ்சா எழுதுதாவ எல்லாரும்?" என்று தனிஸ்லாஸ் எரிந்து விழுந்தார்.

"போயிப் பாத்துட்டு வந்து எழுதட்டா?"

"எங்க போவே?"

"லாரி போன எடத்துக்கு."

"லாரி எங்க போச்சுன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"முன்னால போன லாரிய ஓட்டுனது எங்க சித்தப்பாதான் ஐயா."

தனிஸ்லாஸ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய சித்தப்பாவை அவருக்குத் தெரியும். தினமும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பீக்கருக்கு நேர் கீழே டீ குடிக்கிற மனுசன். "இத்தன வருசமா அவன் ஏன் வாயத் தொறக்கல?"

"யாரும் அவர்ட்ட கேக்கலயே ஐயா. மைக்குல்லா கேக்கு" என்றாள் இசக்கியம்மாள்.

அவருக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும்போல இருந்தது. மறுநாள் காலை, குடையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவளோடு முதல் வண்டியில் ஏறினார். சுடலைவடிவு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள், மகளைத் திட்டிக்கொண்டே. "கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்ட்டி. நீ படிக்கப் போறதே பெருசு, இதுல ஊர்க்காரியம் வேற எதுக்கு?" என்றாள். ஆனாலும் தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள்.

சித்தப்பா சொன்னபடி, லாரிகள் முதலில் போய் நின்றது கோவில்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கிருந்து கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அங்கே சத்துணவு சமைக்கிறவள் ஒரு செங்கல் சூளையைச் சொன்னாள். சூளைக்காரன் ஒரு உப்பளத்தைச் சொன்னான். உப்பளத்தில் நின்ற ஒருவன் கொல்லத்தில் முந்திரிக் கம்பெனியைச் சொன்னான். கேட்கக் கேட்க ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அதுதான் தனிஸ்லாஸுக்கு ஆத்திரமாக இருந்தது. ஒளித்துவைத்திருந்தால்கூடத் தேடிப் பிடித்த நிறைவு இருந்திருக்கும்; இது சும்மா வண்டி மாறி வண்டி ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் கிடந்தது, அவர் ஆயுசு முழுக்க நேரம் சொல்லி அனுப்பிய அதே வண்டிகள்.

சூளையில் சந்தனமாரி என்று ஒருத்தி, முகமெல்லாம் செம்மண் படிந்திருக்க, இவர்களை உற்றுப் பார்த்தாள். "சிப்பிவிளைக்காரங்களா? எங்களத் தேடியா வந்திய?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். பக்கத்தில் கல் சுமந்தவர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். "நாங்க எங்க ஒளிஞ்சோம்? ஒங்க ஊரே கரையில வந்து நின்னுல்லா ஏத்தி உட்டிய. எலுமிச்சம்பழச் சோறு பொட்டலம் குடுத்திய. ஊறுகாகூட வச்சிருந்தாவ."

"திரும்பி வரலியாம்மா?" என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

"வந்தோம். வேலிப் பக்கம் போவ விடல. ஊருக்குள்ள வந்தோம், ஒரு வீட்டுலயும் கதவு தொறக்கல" என்றாள் சந்தனமாரி. இப்போது அவள் சிரிக்கவில்லை. யார் யார் எங்கே, யார் செத்தார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இசக்கியம்மாள் திருப்பித் திருப்பிக் கேட்டு அதை மனதில் ஏற்றிக்கொண்டாள். திரும்பி வருகிற வண்டியில் அந்தப் பெயர்களை அவள் வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு வர, பக்கத்தில் தனிஸ்லாஸும் சொல்லிப் பார்த்தார். கோயில்பிச்சையை அந்தோணிமுத்தின் மருமகனாக்கி, வேலாயியை இரண்டு இடத்தில் இருக்கவைத்து, அவள் திருத்தத் திருத்த எரிச்சலோடு முதலிலிருந்து தொடங்கினார்.

கமிட்டி அவளைத் தேர்வு செய்யவில்லை. விடைத்தாளில் அவள், "போய்ப் பார்த்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள். "பக்கம் நிரப்பலியே" என்றார் தலைமையாசிரியர். அக்கரைச் சனம் வளர்ச்சியை நோக்கிப் போனது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்த, தெய்வசிகாமணியின் தங்கை மகனுக்கு உதவித்தொகை என்று முடிவாயிற்று. தனிஸ்லாஸ் ஒருவர், அந்தப் பக்கம் மூன்று பேர். சாமியார் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்தார்.

பரிசளிப்பு விழாவில் தெய்வசிகாமணி மைக்கின் முன்னால் வந்து நின்று, வழக்கம்போலக் கைகளைக் கூப்பிக் காத்திருந்தார். "அக்கரையில இருந்த சனம் எங்க போச்சு?" என்று அமலோற்பவம் கேட்டாள். பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். தெய்வசிகாமணி, "அவையோர்க்கு" என்று ஆரம்பிப்பதற்குள், பெண்கள் வரிசையிலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள். மைக் இல்லாமலே சொன்னாள். கோயில்பிச்சையும் அவர் சம்சாரமும் சூளையில், அந்தோணிமுத்து சூளையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார், அவர் மகன் உப்பளத்தில், வேலாயி கொல்லத்தில் முந்திரி உடைக்கிறாள், சந்தனமாரிக்கு இரண்டு மகள், மூத்தவள் புருசனோடு திருப்பூரில், இளையவள் தாயோடு சூளையில் என்று, மூச்சு வாங்க வாங்க, ஒரு வீடு விடாமல் சொன்னாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு யாருக்கும் அது உறைக்கவில்லை. அவள் முடித்ததும் மைக்கிலிருந்து ஒரு சின்னச் செருமல் வந்தது, காபி குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைப்பதற்கு முன் அமலோற்பவம் செருமுவாளே அதுபோல. அவ்வளவுதான்.

மறுநாள் காலை தனிஸ்லாஸ் வழக்கம்போலப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்பீக்கரின் கீழே நின்றார். புது டைம் கீப்பர் சுவிட்சைத் தட்டினார். "திசையன்விளை செல்லும் பேருந்து" என்று டைம் கீப்பரின் குரல் மட்டும் கேட்டது. அடுத்த வண்டிக்கும் அப்படியே. அதற்கடுத்த வண்டிக்கும். வெயில் ஏறும் வரை அவர் அங்கேயே நின்றார். அப்புறம் நேரே சுடலைவடிவின் வீட்டுக்குப் போனார்.

"அங்க வச்சு எதுக்குச் சொன்னே?" என்று இசக்கியம்மாளிடம் கேட்டார். "எங்கிட்டத் தனியாச் சொல்லிட்டு விட்டிருக்கலாம்லா?"

"அவிய கேட்டாவ ஐயா. நான் சொன்னேன்" என்றாள் அவள்.

"இனும கேக்க மாட்டாளே" என்றார் தனிஸ்லாஸ். அவர் அங்கிருந்து நேரே வங்கிக்குப் போய் அந்தக் கணக்கையே மூடி, இருந்ததை எல்லாம் அவள் பெயருக்கு மாற்றினார். கமிட்டி அத்தோடு கலைந்தது. அவள் மதுரையில் இதழியல் படிக்கப் போனாள். அந்த மாதமே கம்பெனி சுடலைவடிவை வேலைக்கு வர வேண்டாம் என்றது. "எறால் உரிச்ச கை வேற எதையாவது உரிச்சுக்கிடும். நீரு பாத்துப் போம்" என்று அவள் தனிஸ்லாஸிடம் சொன்னாள், முகத்தைப் பார்க்காமலே.

ஊருக்குப் பெரிய துக்கமாகிவிட்டது. அந்தப் பெயர்கள் இல்லை துக்கம். அவற்றை மறுநாளே மறந்தார்கள், அல்லது மறந்ததுபோல இருந்தார்கள். கேள்வி போய்விட்டதே என்பதுதான். பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்ட கல்யாணங்கள் நின்றன. வில்லுப்பாட்டுக்காரர் எடுப்பு இல்லாமல் தடுமாறினார். பூசையில் சாமியார் கைகட்டிக் காத்திருந்து காத்திருந்து, பழக்கம் விடாமல், மௌனத்தில் நின்றார். ஒரு கூட்டம் தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்தது. "மைனிய ரெண்டாம் தடவ கொன்னுட்டா அந்தப் பிள்ள" என்று தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது பொய்யில்லை, அதுதான் கொடுமை.

"பதில் கெடச்சிட்டு. அதப் பத்திப் பேசுவோமா?" என்று தனிஸ்லாஸ் கேட்டார்.

"பதில வச்சு என்ன அண்ணாச்சி செய்ய? ஆவணியில எம் மகளுக்குக் கல்யாணம். கேள்வி இல்லாம எப்படித் தாலி கெட்ட?" என்றார் தெய்வசிகாமணி.

வழி கண்டுபிடித்தது காஜா மைதீன். நாகர்கோவிலில் ரோஸ்லின் என்று ஒரு மிமிக்ரி கலைஞர் இருந்தாள். அவளைக் கூட்டிவந்து, அமலோற்பவத்தைத் தெரிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சளி வேண்டும், கடைசியில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். அதன்பிறகு விசேஷ வீடுகளில் திரைக்குப் பின்னால் ரோஸ்லின் நின்று, "அக்கரையில இருந்த சனம் எங்க போச்சு?" என்றாள். ஊர் பெருமூச்சு விட்டது. முன்பைவிட வசதி என்றுகூடச் சொன்னார்கள், வேண்டும்போது மட்டும் கேட்கிறதே.

முதல் தடவை அதைக் கேட்டபோது தனிஸ்லாஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். கிரகப்பிரவேச வீட்டு ஸ்பீக்கரிலிருந்து மனைவியின் குரல் வந்தது. உள்ளே ஓடியவர், திரைக்குப் பின்னால் கைப்பையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். அவள் பயந்துபோய், "மன்னிச்சிக்கிடுங்க சார்" என்றாள். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "கோயில்பிச்சை குடும்பம் சூளையில இருக்கு" என்று ஆரம்பித்தார். முழுசாகச் சொல்லி முடிக்கும் முன் தோளில் கைபோட்டு, அன்பாகவே, வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அதிலிருந்து அவர் எந்த வீட்டு விசேஷத்துக்கும் அழைப்பில்லாமல் போனார். ரோஸ்லின் கேட்டதும் எழுந்து நின்று பதில் சொன்னார். பாட்டை உரக்க வைத்தார்கள், செண்டை மேளத்தை அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள், வாசலில் ஆள் போட்டார்கள். அவர் சமையல்கட்டு வழியாக வந்தார்.

ஆவணியில் தெய்வசிகாமணி மகள் கல்யாணத்தன்றும் அப்படித்தான் வந்தார். தாலி கட்டுகிற நேரத்திலேயே முதல் பந்தி போட்டுவிட்டார்கள். மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் ஊரில் பாதி இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கரில் ரோஸ்லின் கேட்டாள். கெட்டி மேளம் முழங்கி ஓய்ந்ததும் தனிஸ்லாஸ் இரண்டு வரிசைக்கு நடுவில் வந்து நின்றார். கோயில்பிச்சையைச் சொன்னார், அந்தோணிமுத்தைச் சொன்னார், வேலாயியைச் சொன்னார். இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சந்தனமாரிக்கு ரெண்டு மக" என்றார். "மூத்தவ திருப்பூர்ல. மூத்தவ..." அவருக்குப் பெயர் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். இத்தனை இடத்தில் சொல்லிய பெயர்தான், தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கையைப் பிடித்திருந்தவர்கள் அவர் தானாக அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். கூடத்தில் ரசம் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"பூலம்மா" என்றது ஒரு குரல்.

இலையில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்த ஒருவர்தான் சொன்னார். தலையை நிமிர்த்தவில்லை.

"பூலம்மா எளையவ" என்றாள் எதிர்வரிசையில் ஒருத்தி, அவளும் இலையைப் பார்த்துக்கொண்டே. "மூத்தவ மாசானவடிவு. லாரியில ஏறும்போது வயித்துப்பிள்ளக்காரில்லா அவ. நான்தான் கையப் புடிச்சு ஏத்துனேன்."

"அவளுக்கு ஒரு கொழுந்தன் உண்டும், காது கேக்காதவன்" என்றார் ரசக்காரர். "அவம் பேரு இவரு சொல்லவே இல்ல. ராசாமணி."

"அவன் வந்தாம்லா, மறுவருசம். எங்க வீட்டுக் கதவத் தட்டுனான்" என்றார் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பாயசம் கொண்டுவந்த பையன் வாளியோடு நின்றுவிட்டான். இன்னொரு பெயர் வந்தது, இன்னொன்று வந்தது, இசக்கியம்மாள் கண்டுபிடிக்காத பெயர்கள், சந்தனமாரி சொல்ல மறந்த பெயர்கள், பிள்ளைகளின் பெயர்கள், ஒரு நாயின் பெயர். தாலி கட்டி முடித்து ஆசீர்வாதம் வாங்க வந்த மணமக்களுக்குப் பின்னால் தெய்வசிகாமணி வாசலிலேயே நின்றார்.

"தெரியுமாவே?" என்றார் தனிஸ்லாஸ். "இத்தன வருசமும் ஒங்க எல்லாருக்கும் தெரியுமாவே?"

அவர்கள் பெயர்களை மட்டும் சொன்னார்கள், ஒருவர் சொல்வதை ஒருவர் திருத்திக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, வாயில் சோற்றோடு. கையைப் பிடித்திருந்த இரண்டு பேரும் எப்போதோ விட்டுவிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனும் ஏதோ ஒரு பெயரைச் சொன்னான். தனிஸ்லாஸுக்கு இவர்களை அடிக்க வேண்டும், இந்த இலைகளை எல்லாம் வாரி எறிய வேண்டும் என்று இருந்தது. ஆனால் பெயர்கள் அவர் பிடிக்கும் முன் கடந்து போய்க்கொண்டிருந்தன. காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை முன்னே கொடுத்து, "ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்றார். "மொதல்லேருந்து சொல்லுங்க."